நாற்பத்தொன்பது ஓட்டு

ராதாபுரத்து மு. அப்பாவுவின் அரசியல் அவருடைய ஊர்ப்பக்கம் போய்ப் பார்த்தால்தான் விளங்கும். நெல்லைச் சீமை என்றாலே தாமிரபரணியும் வாழைத்தோப்பும் என்று எண்ணி வருகிற பயணிக்கு இங்கே முதலில் ஏமாற்றம்தான். செம்மண், உடைமரம், பனை, கண்ணுக்கு எட்டிய மட்டும் காற்றாலை. கிழக்கே போகப் போகத் தேரி மணல். ஆறு வடக்கே வெகுதூரம் தள்ளி ஓடுகிறது. பாசனத் தண்ணீர் பக்கத்து மாவட்டமான கன்னியாகுமரியின் பேச்சிப்பாறையிலிருந்து ராதாபுரம் கால்வாய் வழியாக வரவேண்டும். 52 குளங்களும் 17,000 ஏக்கர் நிலமும் அதை நம்பியிருக்கின்றன. கடைமடைக்காரரின் கவலை தெரியாதவர் இங்கே ஓட்டுக் கேட்டு வருவதில் பொருளில்லை.

பள்ளி ஆசிரியராக இருந்த அப்பாவு, 1996-ல் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் தமிழ் மாநில காங்கிரஸ் வேட்பாளராக வென்றார். 2001-ல் கட்சியே இல்லாமல் சுயேச்சையாக நின்றார், அப்போதும் வென்றார். 2006-ல் திமுக சார்பில் மூன்றாவது வெற்றி. மூன்று தேர்தலில் மூன்று அடையாளம், ஆள் ஒருவரே. கட்சியைப் பார்த்தே ஓட்டு விழும் ஊர்களிலிருந்து வருகிறவருக்கு இது நம்ப முடியாத கணக்கு. 2011-ல் கூட்டணிப் பங்கீட்டில் தொகுதி காங்கிரசுக்குப் போனது. தேமுதிகவின் மைக்கேல் ராயப்பன் வென்றார்.

ஊரில் பேச்சுக் கொடுத்தால் முதலில் வந்து விழுவது 2016 தேர்தல்தான். அதிமுகவின் இன்பதுரை 69,590, அப்பாவு 69,541. வித்தியாசம் 49 ஓட்டு, ஒரு சின்னத் தெருவில் இருக்கிற ஆட்கள். தபால் ஓட்டுகளில் 203 செல்லாதவை என்று தள்ளப்பட்டிருந்தன. அவற்றின் உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் இட்டவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள். அந்தக் கையெழுத்து செல்லுமா என்பதே அப்பாவு தொடுத்த வழக்கு. தேர்தல் வேலைக்குப் போன அரசு ஊழியரின் ஓட்டு, ஒரு தலைமை ஆசிரியர் கையெழுத்தால் செல்லாமல் போகலாமா என்ற கேள்வி சிறியதல்ல. சென்னை உயர் நீதிமன்றம் அப்பாவு பக்கம் நின்றது. தபால் ஓட்டுகளையும் 19, 20, 21-ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. 2019 அக்டோபர் 4-ல் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். அன்றைக்கே முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. எண்ணி முடித்த ஓட்டின் கணக்கு ஊருக்குத் தெரியாமலேயே அந்தப் பேரவையின் ஐந்தாண்டும் கழிந்தது. வென்றவர் யாராக இருந்தாலும், இது வாக்காளருக்கு இழைத்த அநீதி.

2021-ல் அதே இருவர் மறுபடி மோதினர். அப்பாவு 5,925 ஓட்டில் வென்று, மே 12 அன்று போட்டியின்றிப் பேரவைத் தலைவரானார். செல்லபாண்டியன், பி.எச். பாண்டியன், ஆவுடையப்பன் என்று நெல்லைச் சீமை அந்த நாற்காலிக்கு ஆள் அனுப்பிய வரிசையில் அவரும் சேர்ந்தார். 2024 பிப்ரவரியில் ஆளுநர் ஆர்.என். ரவி அரசு தயாரித்த உரையை வாசிக்காமல் சில நிமிடங்களில் முடித்துக்கொள்ள, அதன் தமிழாக்கத்தை அப்பாவு முழுதாக வாசித்தார். நாடே பார்த்த காட்சி அது.

ஆனால் கடைமடைக்காரருக்கு முக்கியம் தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புக் கால்வாய். அப்பாவு உறுப்பினராக இருந்த 2009-ல் வேலை தொடங்கியது. சுமார் 75 கிலோமீட்டர் கால்வாய்க்குப் பதினாறு ஆண்டு. 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். வெள்ளக் காலத்தில் வீணாகக் கடலுக்குப் போகும் உபரி நீர் மட்டுமே அதில் திரும்பும். ஆற்றில் வெள்ளம் வராத ஆண்டுகளில் ராதாபுரத்துக் குளங்களுக்கு இன்னமும் பேச்சிப்பாறைதான்.