ஏழரை நிமிடம்

பாளையங்கோட்டையில், தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு வீட்டுக் குளியலறைதான் இருட்டறை. ஜன்னலில் கறுப்பு ரெக்சின், கதவிடுக்கில் பழைய போர்வை, வாளி வைக்கிற பலகையில் மூன்று டிரே. முப்பது வருஷத்துக்கு மேலாகப் பிலிமில் மட்டுமே படம் எடுக்கிறார். காசுக்காக ஒன்றுகூட எடுத்ததில்லை. போன பொங்கலுக்கு வந்த தங்கை மகன், "நானும் பிலிம்லதான் எடுக்கேன் மாமா" என்றபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. போனில் முப்பத்தாறு படங்களையும் பார்த்து முடித்துவிட்டுக் கேட்டார்: "நெகட்டிவ் எங்கடே?"

"லேப்லயே விட்டுட்டேன் மாமா. ஸ்கேன்தான் வந்துட்டுல்லா?"

அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

படம் எடுப்பதில் அவருக்குப் பெரிய பெருமை கிடையாது. கழுவுவதில்தான். டி-76 மருந்தைப் பொட்டலமாக வாங்காமல் இன்றும் தராசில் நிறுத்துக் கலக்குகிறார்: லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சல்பைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. கோடக் 1927-இல் கொண்டுவந்த சேர்மானம். சல்பைட்டை முதலில் கொட்டிவிட்டால் மெட்டால் கரையாது. இதைக்கூடவா ஒருத்தருக்குச் சொல்லித்தரவேண்டும் என்று அலுத்துக்கொள்வார். சொல்லித்தரத்தான் வேண்டும். மெட்டால் என்பது என்னவென்று ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் அதை அவரிடம் சொல்லமுடியாது.

சிக்கல் எல்லாம் சூட்டில் இருக்கிறது. எச்பி5 பிளஸ் பிலிமை இந்த மருந்தில் 20 டிகிரியில் ஏழரை நிமிடம் கழுவவேண்டும். திருநெல்வேலிக் கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 35-ஐத் தொட்டு நிற்கும். சூடு கூடினால் நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். 24-இல் ஏறக்குறைய ஐந்தரை நிமிடம். அதற்கு மேல் போனால் ஆபத்து. நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே இறங்கினால் மருந்து ஒரே சீராகப் பிடிக்காது, வானம் திட்டுத்திட்டாக வரும். ஆகவே ஐஸ், ஐஸ், எப்போதும் ஐஸ். டேங்க்கைச் சுற்றி ஐஸ் அடுக்கிக் கடிகாரத்தைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருக்கும்போது யாராவது வீட்டுக்கு வந்தால், "அவாளுக்கு ஏழரை நடக்கு, இருங்க" என்பார் அவர் மனைவி.

கற்றுக்கொடுத்தவர் ஜங்ஷன் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்த ஓர் அண்ணாச்சி. பழைய ரோல் ஒன்றைக் கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ரீலில் சுற்றச் சொன்னார். ஒரு மாதம் அதே வேலை. பிலிம் ஒழுங்காக ஏறும்போது விரலுக்கு ஒரு மெல்லிய உரசல் தெரியும். பிசகினால் அந்த உரசல் மாறும். அது விரலுக்குப் புரிகிற வரை மருந்துப் பக்கமே விடவில்லை. அண்ணாச்சி முக்கியமான ரோல்களைப் பின்னிரவு மூன்று மணிக்கு, மண்பானைத் தண்ணீரில் கழுவுவார். மே மாதத்தில் அதுவும் போதாது. மருந்தை வடித்த கையோடு, லிட்டருக்குக் குரோம் ஆலம் 30 கிராமும் சோடியம் சல்பேட் 60 கிராமும் கலந்த கரைசலில் பிலிமை முக்கி ஜெலட்டினை இறுக்குவார்.

சீடர் தனியாகக் கழுவிய முதல் ரோலில் ஐஸ் கட்டியை மருந்துக்குள்ளேயே போட்டார். ஐஸ் கரைந்து மருந்து நீர்த்துப்போய், நெகட்டிவ் பேய் மாதிரி வெளிறி வந்தது. அடுத்த ரோல் அக்கா கல்யாணம். இந்தமுறை ஐஸைப் பாலிதீன் பையில் கட்டி வெளியே வைத்தார்; மருந்து 20-இல் கச்சிதமாக நின்றது. கடைசியில் அலசும் தண்ணீரை மட்டும் குழாயிலிருந்து அப்படியே பிடித்தார். குளிரிலிருந்து சூட்டுக்குப் போன ஜெலட்டின் ஒரேயடியாக உப்பி நெளிந்துவிட்டது. மாப்பிள்ளை, பொண்ணு, ஐயர் எல்லார் முகத்திலும் கருவாட்டுத் தோல். "மருந்துக்கு மட்டும் காய்ச்சல் பாத்தா போதுமாடே? தண்ணிக்கும் பாக்கணும்லா" என்றார் அண்ணாச்சி. அந்த நெகட்டிவைச் சீடர் இன்னும் வைத்திருக்கிறார். அக்காவுக்குக் காட்டியதில்லை.

இப்படிப்பட்டவரிடம் போய் நெகட்டிவ் வேண்டாம் என்றால்? மருமகனை உட்காரவைத்து லின்னேயஸ் டிரைப் கதையைச் சொன்னார். கம்பெனிப் படையின் அதிகாரியான டிரைப் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 நெகட்டிவ்களில் எடுத்து, ஒட்டிச் சேர்த்து 19 அடிக்கு மேல் நீளமான ஒரே படமாக்கினார். பெரும்பாலும் மெழுகேற்றிய தாள்தான் அவருக்கு நெகட்டிவ். அதில் வானம் சுத்தமாக வராது என்பதால் தூரிகை பிடித்து நெகட்டிவிலேயே மேகம் தீட்டியவர் அவர். அவருடைய தாள் நெகட்டிவ்களில் பல இன்றும் இருக்கின்றன. "உன் போன் தண்ணில விழுந்தா என்னடே இருக்கும்?"

பிறகு பேச்சு ஊட்டிக்குப் போயிற்று. அவர் பேச்சு எப்போதும் கடைசியில் ஊட்டிக்குத்தான் போகும். 1960-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், அது தந்த 'இந்து' பிலிம், இந்து பேப்பர், இப்போது மூடிக் கிடக்கிற ஆலை, வெளிநாட்டு ரோலின் விலை, விலை கொடுத்து வாங்கியதைக் கழுவத் தெரியாத பிள்ளைகள். மருமகன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

அடுத்த வாரம் நெகட்டிவ் வந்தது, நல்லவேளையாக லேப்பில் தூக்கிப்போடவில்லை. ட்ரை-எக்ஸ் பிலிம். டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தவர், "ஊதா இன்னும் போகலை, ஒழுங்கா அலசலை" என்று முணுமுணுத்துக்கொண்டே வாளியில் போட்டு மறுபடி அலசிக் காயவைத்தார். ஒன்பதாவது படத்தில் அவர் தங்கை கிணற்றடியில் நிற்கிறாள். போனில் வெள்ளையாக இருந்த வானம் நெகட்டிவில் மேகமாக இருந்தது.

ராத்திரி என்லார்ஜரை ஏற்றினார். படம் முழுவதற்கும் 12 வினாடி, வானத்துக்கு மட்டும் இன்னொரு 20. அந்த இருபது வினாடியும் கீழ்ப்பாதியைக் கையால் மறைக்கவேண்டும், கையை அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்த வேலையை மருமகனிடம் கொடுத்தார். பாதியில் அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது; கை நின்றது. டிரேயில் மேகம் திரண்டு வந்தது, அதற்குக் கீழே தென்னை உச்சியோடு ஒட்டினாற்போல் நேராக ஒரு கோடும் வந்தது.

"மாமா, இது நல்லாத்தானே இருக்கு?"

அவர் அடுத்த பேப்பரை உறையிலிருந்து உருவினார்.