க்யூப் உடைக்கும் கைகள்

ஈஜிபுரா என்றதும் பெங்களூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது அந்த மேம்பாலம்தான். கேந்திரிய சதன் சந்திப்பு வரை சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளம். 2017-ல் தொடங்கிய வேலை வருடக்கணக்கில் இழுத்தது. இங்குள்ள ஏழைகளுக்கு இன்னொரு நினைவும் உண்டு. மாநகராட்சி கட்டிக்கொடுத்த அடுக்குக் குடியிருப்பில் சில கட்டடங்கள் இடிந்து விழுந்தன. பிறகு அதே இடத்தில் தகரக் கொட்டகை போட்டு வாழ்ந்தவர்களை 2013 ஜனவரியில் வெளியேற்றினார்கள். கான்கிரீட்டின் பலம் இந்த ஊரில் வாழ்வா சாவா என்ற விஷயம்.

அந்தப் பலத்தை அளப்பவர்களைப் பார்க்கத்தான் இங்குள்ள சிறிய பரிசோதனைக் கூடம் ஒன்றுக்குப் போனேன். கான்கிரீட்டை அழுத்தி உடைக்கும் இயந்திரத்தை ஓட்டுபவர் தருமபுரிப் பக்கத்துக்காரர். தண்ணீர்த் தொட்டியில் 28 நாள் ஊறிய க்யூபை, அதாவது சோதனைக்காக வார்த்த கான்கிரீட் கட்டியை, வெளியே எடுத்து, மேலே நின்ற ஈரத்தைத் துணியால் ஒற்றினார். 150 மில்லிமீட்டர் பக்கம், எட்டு கிலோவுக்கு மேல் எடை. “காய விடக் கூடாது சார். காஞ்சா நம்பர் ஏறிடும்” என்றார்.

அடுத்து, இயந்திரத்தின் இரண்டு தட்டுகளையும் துடைத்தார். முந்தைய க்யூபின் ஒரு பொடிக்கல் ஒட்டியிருந்தாலும் பாரம் அந்தப் புள்ளியில் குவிந்து, க்யூப் முன்னதாகவே உடைந்துவிடும். கரண்டியால் தேய்த்த மேல்முகம் சமமாக இருக்காது என்பதால் க்யூபைப் பக்கவாட்டில் திருப்பி, அச்சில் படிந்த வழவழப்பான முகங்கள் தட்டுகளில் படும்படி நடுமையத்தில் வைத்தார்.

பிறகுதான் பாரம். இந்தியத் தர விதி ஐ.எஸ். 516 சொல்வது நிமிடத்துக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 14 நியூட்டன். இந்த க்யூபுக்கு நொடிக்குச் சுமார் 5.25 கிலோநியூட்டன். வேகத்தைக் கூட்டினால் கான்கிரீட் இருப்பதைவிடப் பலமாகத் தெரியும். அவர் கை வால்விலும் கண் திரையிலும் இருந்தன. எம்-40, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன் தாங்க வேண்டிய கான்கிரீட் என்றால் 900 கிலோநியூட்டனைத் தாண்டியாக வேண்டும். ‘படார்’ என்று உடைந்தது. நான்கு பக்கமும் ஒரே மாதிரி உதிர்ந்து, நடுவில் உடுக்கை போல ஒடுங்கி நின்றது. சரியாக உடைந்ததற்கு அதுதான் அடையாளம்.

அடுத்த க்யூபின் பக்கவாட்டில் சிறு சிறு பொந்துகள். அதை விரலால் தடவிக் காட்டினார். “மூணு அடுக்கா போட்டு, ஒவ்வொண்ணுக்கும் முப்பத்தஞ்சு குத்து குத்தணும் சார். சைட்ல அவசரம், அரைகுறையா விட்டுடறாங்க. ரிப்போர்ட் வந்தா எங்க மெஷின் மேல சந்தேகப்படறாங்க.”

இயந்திரத்தின் அளவு சரிதானா என்று தரப்படுத்தப்பட்ட லோட் செல் என்ற பாரம் அளக்கும் கருவியை வைத்துக் குறித்த காலத்தில் சரிபார்க்கிறார்கள். அது அவசியம். ஆனால் எண் நிலையாக வருவதற்கு அது மட்டும் போதாது. கம்பியால் குத்துபவர், தொட்டி நீரை 27 டிகிரி அளவில் காப்பவர், தட்டைத் துடைப்பவர் என்று அத்தனை பேரின் பொறுமையும் அதில் இருக்கிறது. அவசரப்படுத்துகிறவர்களுக்கு முன்னால் முறை தவறாமல் நிற்கும் இந்தத் தொழிலாளர்கள்தான் நம் கூரையின் முதல் காவலர்கள்.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரிப்போர்ட்டில் சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். மூன்று க்யூபின் எண்களையும் பாருங்கள். 40, 41, 30 என்று இருந்தால் சராசரி 37. அதிலிருந்து 30 என்பது 15 சதவீதத்துக்கும் மேல் விலகி நிற்கிறது, அந்தச் சோதனையை ஏற்க முடியாது. இயந்திரத்தைக் கடைசியாகச் சரிபார்த்த தேதியைக் கேளுங்கள். முடிந்தால் கான்கிரீட் போடும் நாளில் க்யூப் போடும் இடத்தில் நீங்களே போய் நில்லுங்கள்.