கடைசிப் பெயரின் முதல் எழுத்து

கவுன்சிலிங் என்றால் நம்மூரில் ரேங்க் லிஸ்ட், கட்-ஆஃப், எந்தக் காலேஜில் எத்தனை சீட் மிச்சம் என்பதுதான் ஞாபகம் வரும். அமெரிக்க ஹைஸ்கூல் கவுன்சலர் வேறு ரகம். எந்தக் கல்லூரிக்கெல்லாம் விண்ணப்பிக்கலாம் என்று யோசனை சொல்வதும், மாணவரைப் பற்றிக் கல்லூரிக்குக் கடிதம் எழுதுவதும் அவர் வேலைகளில் சில.

பல பள்ளிகளில் யாருக்கு எந்தக் கவுன்சலர் என்பதை மாணவரின் மார்க்கோ ஆசையோ முடிவு செய்வதில்லை. கடைசிப் பெயரின் முதல் எழுத்துதான் முடிவு செய்கிறது. ஏ முதல் எஃப் வரை ஒருவர், ஜி முதல் எல் வரை இன்னொருவர், இப்படி. தமிழ்ப் பிள்ளைகள் நிறைய பேருக்கு அப்பா பெயர்தான் கடைசிப் பெயர். ஆக, தாத்தா தன் மகனுக்கு ஆறுமுகம் என்று வைத்தாரா வேலாயுதம் என்று வைத்தாரா என்பதைப் பொறுத்து, நியூஜெர்சியில் இருக்கும் பேரனுக்குக் கவுன்சலர் அமைகிறார்!

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் கிறிஸ்டீன் மல்ஹெர்ன் என்ற பொருளாதார ஆய்வாளர் இதை வைத்தே ஒரு ஆராய்ச்சி செய்திருக்கிறார். 2023-ல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழில் வந்தது. மாசசூசெட்ஸ் பள்ளிகளில் எழுத்தை வைத்துப் பிரிப்பதால், ஏறக்குறைய ஒரே மாதிரி மாணவர்கள் தற்செயலாக வேறு வேறு கவுன்சலர்களிடம் போய்ச் சேர்கிறார்கள். அப்புறம் அவர்கள் பாதை பிரிந்தால், அதில் கவுன்சலருக்கு எவ்வளவு பங்கு என்று கணக்குப் போட முடிகிறது. அவர் கண்டது: பள்ளிப் படிப்பை முடிப்பதிலும் கல்லூரிக்குப் போவதிலும் கவுன்சலரின் பங்கு கிட்டத்தட்ட ஒரு ஆசிரியரின் பங்கு அளவுக்கு இருக்கிறது. மார்க் குறைந்த, வசதி இல்லாத பிள்ளைகளிடம் அது இன்னும் அதிகம். வசதி உள்ள வீட்டில் ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்துத் தனியார் ஆலோசகரை வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு எழுத்து எது கொடுத்ததோ அதுதான்.

மிஷெல் ஒபாமாவுக்கும் ஒரு கவுன்சலர் வாய்த்தார். சிகாகோவில் நல்ல பள்ளி, நல்ல மார்க், அண்ணன் கிரெய்க் ஏற்கெனவே பிரின்ஸ்டனில் படித்துக்கொண்டிருந்தார். அத்தனையும் இருந்தும், கொஞ்ச நேரமே பேசிய அந்தக் கவுன்சலர், பிரின்ஸ்டனுக்கு இவர் ஏற்றவரா என்று சந்தேகமாகச் சொல்லிவிட்டார். 2018-ல் வந்த 'பிகமிங்' புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார். மிஷெல் பேசாமல் உதவித் தலைமையாசிரியரிடம் போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்கினார். 1985-ல் பிரின்ஸ்டனில் பட்டமும் வாங்கினார். தெரிந்த ஒரு உதவித் தலைமையாசிரியர் இல்லாத பிள்ளை என்ன செய்திருக்கும்? அந்தப் பிள்ளைகள் புத்தகம் எழுதுவதில்லை.

இதற்காகக் கவுன்சலர்களைத் திட்டித் தீர்ப்பதும் நியாயமில்லை. ஒருவருக்கு 250 மாணவர்கள் போதும் என்பது அமெரிக்கப் பள்ளிக் கவுன்சலர் சங்கத்தின் பரிந்துரை. 2023-24 கல்வியாண்டில் நாட்டின் சராசரி 376. அரிசோனாவில் 600-க்கும் மேல்! டைம்டேபிள் மாற்றுவது, தேர்வு நடத்துவது, வகுப்பில் அழுத பிள்ளையை உட்காரவைத்துப் பேசுவது எல்லாம் அவர் தலையில்தான். நடுவில் கல்லூரிக் கடிதமும் எழுத வேண்டும். ஒரு மாணவருக்கு அவர் ஒதுக்கும் நேரம் டீ ஆறும் நேரம்கூட இருக்காது.

ஆனாலும் அவர் கையெழுத்துக்கு எடை அதிகம். காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தில் கவுன்சலர் நிரப்ப வேண்டிய பகுதி ஒன்று உண்டு. இந்தப் பள்ளியில் கிடைக்கும் பாடங்களில் இவர் எடுத்தவை எவ்வளவு கடினமானவை என்று அதில் டிக் அடிக்க வேண்டும். மாணவர் எழுதும் கட்டுரையைப் பல முறை திருத்தலாம். இந்த டிக்கைத் திருத்த முடியாது.

கடிதம் எழுத விவரம் வேண்டுமே, அதற்காகப் பல பள்ளிகளில் 'பிராக் ஷீட்' என்று ஒரு தாள் கொடுப்பார்கள். தற்பெருமைத் தாள்! மாணவருக்கு ஒன்று, சில இடங்களில் பெற்றோருக்கும் ஒன்று. மகன் மளிகைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே படித்தது, மகள் பாட்டிக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்து படித்தது, இதெல்லாம் கவுன்சலருக்குத் தெரிய வேறு வழி ரொம்பக் குறைவு. பிள்ளையை வெளியாட்களிடம் புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்று வளர்ந்த நம் பெற்றோர்கள் அதில் எழுதுவது பெரும்பாலும் இரண்டே வரி: நல்ல பையன், நன்றாகப் படிப்பான். 376 பேருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கவுன்சலர் அந்த இரண்டு வரியை வைத்துத்தான் ஒரு பக்கம் எழுத வேண்டும்.