கணிப்பொறி விதித்த கடன்

ஆஸ்திரேலியாவில் வேலையற்றோர், நோயுற்றோர், மாணவர் முதலியோர்க்கு அரசாங்கம் உதவிப்பணம் வழங்குகிறது. அதனைப் பெறுவோர் இரு வாரங்களுக்கு ஒருமுறை தாம் ஈட்டிய கூலியைத் தெரிவித்தல் வேண்டும். கூலி மிகுந்தால் உதவி குறையும். கணக்கில் ஐயம் எழுந்தால், அலுவலர் வேலை கொடுத்தவரை வினவித் தெளிவது பெரும்பாலும் முன்னைய வழக்கம். 2016-ஆம் ஆண்டில் அப்பணி கணிப்பொறியிடம் ஒப்படைக்கப்பட்டது.

கணிப்பொறி ஒருவரின் ஆண்டு வருவாயை வரித்துறையிலிருந்து பெற்று, அதனை இருபத்தாறு சம பங்குகளாக வகுத்தது. ஓர் இளைஞன் முதல் ஆறு திங்கள் வேலையின்றி உதவி பெற்றான். அடுத்த ஆறு திங்களில் 26,000 டாலர் ஈட்டினான் என வைத்துக்கொள்க. வகுத்தால் இரு வாரத்திற்கு 1,000 டாலர் ஆகிறது. எனவே, கையில் காசின்றி வாடிய நாட்களிலும் அவன் 1,000 டாலர் பெற்றதாகக் கணிப்பொறி கொண்டது! மெய்யுரைத்தவன் பொய்யன் ஆனான். கடன் கடிதம் வீடு தேடி வந்தது. கடன் இல்லையென மெய்ப்பிக்கும் சுமையும் அவனையே சார்ந்தது. பல ஆண்டுகட்கு முந்திய கூலிச் சீட்டை ஏழை எங்கே தேடுவான்? இவ்வாறு நான்கு இலட்சத்திற்கு மேற்பட்டோர் மீது 170 கோடி டாலருக்கு மேல் பொய்க் கடன் சுமத்தப்பட்டது.

மக்கள் முறையிடுவதற்கென்று அந்நாட்டில் 1977 முதல் குறைகேட்பாளர் ஒருவர் உண்டு. சுவீடன் நாடு 1809-இல் தோற்றுவித்த பதவியின் வழிவந்தது அது. அவர் ஆராய்ந்து, 2017 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டார். கடிதங்கள் தெளிவாக இருத்தல் வேண்டும், உதவி எளிதிற் கிட்டுதல் வேண்டும் என்றெல்லாம் அறிவுறுத்தினார், நல்ல அறிவுரைகளே. ஆயினும், இவ்வாறு கடன் விதிக்கச் சட்டம் இடந்தருகிறதா என்னும் தலையாய வினாவிற்கு அவ்வறிக்கை விடை கூறவில்லை. இடந்தராது என்று துறையின் சட்ட அலுவலர்கள் 2014-லேயே எழுதி வைத்திருந்தனர். அரசாங்கமோ அறிக்கையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டது.

அவ்வினாவிற்கு 2019 நவம்பரில்தான் விடை கிடைத்தது. சட்ட உதவி நிலையத்தின் துணையுடன் ஒரு பெண் தொடுத்த வழக்கில், அக்கடன் சட்டத்திற்கு மாறானது என நீதிமன்றம் அறிவித்தது. அடுத்த ஆண்டில் திட்டம் கைவிடப்பட்டது. பிடித்த பணம் திருப்பித் தரப்பட்டது. கடிதம் கண்டு மனமுடைந்து உயிர் நீத்தவரைத் திருப்பித் தருதல் யார்க்கும் இயலவில்லை.

பின்னர் அமைந்த அரச விசாரணை ஆணையம் 2023 ஜூலையில் தன் முடிவுகளை வெளியிட்டது. 2017-இல் துறையினர் குறைகேட்பாளரைத் திசைதிருப்ப முயன்றனர் என்பது அவற்றுள் ஒன்று. குறைகேட்பாளர் கேட்கும் செய்திகளை மறைக்காது தந்து உதவுதலைத் துறைத் தலைவர்களின் சட்டக் கடமையாக்க வேண்டுமென்றும் அது பரிந்துரைத்தது.