சந்தன வாசம் வந்த வழி

பெரியப்பாவின் ஜீப்பில் வைப்பர் ஓடும்போது சந்தனம் மணக்கும். ஆறேழு வயதில் அவருக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்து வால்பாறைக்குப் போன பயணங்களில் என்னிடம் மிஞ்சியது அதுதான். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏற ஏறப் பனி இறங்கும். முன்னால் முக்கிக்கொண்டு ஏறும் லாரியின் டீசல் புகை கண்ணாடியில் பிசுபிசுவென்று படியும். பெரியப்பா ஸ்விட்சை அழுத்துவார். நூல் பிடித்தாற்போல இரண்டு தாரைகள் எழும்பிக் கண்ணாடியில் விழும். கூடவே வாசம்.

எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், டேஷ்போர்டில் பிள்ளையாருக்கு வைத்த சந்தனம் என்பார்கள் வீட்டில். பிள்ளையார் எப்போதும்தான் அங்கே இருந்தார். வாசமோ வைப்பர் ஓடும்போது மட்டும்தான் வந்தது. அந்தப் பதில் எனக்கு ஒருநாளும் ஒட்டவில்லை.

போன வருடம் ஜீப் என் கைக்கு வந்தது. மூன்று மாதத்தில், கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் இரண்டு ஜெட்டும் அடைத்துக்கொண்டன. எலெக்ட்ரீஷியன், மோட்டார் வீக் என்றார். பானட்டைத் தூக்கி, ஜெட்டில் மாட்டியிருந்த ட்யூபை உருவிவிட்டு ஸ்விட்சை அழுத்தினேன். தண்ணீர் பீய்ச்சி என் சட்டையை நனைத்தது. மோட்டாருக்கு ஒன்றுமில்லை, அடைப்பு ஜெட்டில்தான். ஊசி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகித் தாரை சிதறிவிடும். அதனால் ஒயரைச் சீவி, உள்ளிருக்கும் செம்புக் கம்பியில் ஓர் இழையைப் பிரித்தெடுத்து மெதுவாக நுழைத்தேன். திறந்துகொண்டது. இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் மறுபடியும் அடைப்பு.

"உப்புத் தண்ணிங்க, வேறென்ன" என்றார்கள் கேட்ட எல்லோரும். கோவைக்காரர்களுக்குத் தண்ணீரில் இரண்டே சாதி. குழாயில் வரும் சிறுவாணி நல்ல தண்ணி, போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணி. மழைக்காட்டில் இறங்கித் தேங்கும் சிறுவாணியில் சுண்ணாம்பு குறைவு. ஆயிரம் அடி ஆழத்துப் பாறை இடுக்கில் ஊறிக்கிடந்து வரும் தண்ணீர் அந்தப் பாறையையே கொஞ்சம் கரைத்துக்கொண்டு வருகிறது. எங்கள் வீடு குனியமுத்தூர். அடுத்திருக்கும் மதுக்கரையில் சுண்ணாம்புக்கல்லை வெட்டித்தான் சிமென்ட் செய்கிறார்கள்.

ஆக உப்புத்தான் என்று நானும் நம்பினேன். ஒரு வாரம் அந்த நம்பிக்கையிலேயே போனது. ஜெட்டைக் கழற்றி, அடைத்திருந்த வெள்ளைப் பசையைக் குண்டூசி முனையால் நோண்டி ஒரு கிண்ணத்தில் போட்டேன். பக்கத்துக் கிண்ணத்தில் வாட்டர் ஹீட்டர் காயிலில் சுரண்டிய வெள்ளைச் செதில். இரண்டிலும் வினிகர் ஊற்றினேன். காயில் செதில் சோடாவைப்போல நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்பு என்றால் அப்படித்தான் பொங்க வேண்டும். ஜெட் பசை அசையாமல் கிடந்தது. சூடு போதவில்லையோ என்று வினிகரைக் காய்ச்சி ஊற்றினேன். குமிழி ஒன்றுகூட இல்லை. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். சுண்ணாம்பென்றால் நறநறக்கும், இது வழவழத்தது. ராத்திரி அப்படியே மூடி வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால், வினிகரின் மேல் மெழுகு உறைந்த மாதிரி வெள்ளை ஆடை மிதந்தது.

கொழுப்பு! வெறும் தண்ணீர் ஊற்றும் டேங்கில் கொழுப்பு எப்படி வந்தது?

பொள்ளாச்சிக்குப் போய்ப் பெரியப்பாவைக் கேட்டேன்.

"டேங்குல என்னங்க பெரியப்பா ஊத்துவீங்க?"

"தண்ணிதான் கண்ணு."

"வேற எதாச்சுங்களா?"

"வேற என்னத்த ஊத்தறது? உங்கூட்டுக்கு வாரப்பல்லாம் சிறுவாணித் தண்ணி ரெண்டு கேன் புடிச்சிட்டு வருவேன். அத மட்டுந்தான் ஊத்துவேன். எங்கையில இருந்த வரைக்கும் ஒருநாளும் அடைச்சதில்ல."

விதம்விதமாகக் கேட்டுப் பார்த்தேன். பதில் மாறவில்லை. என் கேள்வி அவரைப் புண்படுத்தியிருக்க வேண்டும். வண்டியைப் பிள்ளையைப்போல வைத்திருந்தவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். காபி கொண்டுவந்த பெரியம்மா டம்ளரை வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஊத்துனது தண்ணிதான் சாமி. போட்டத நீ கேக்கவே இல்லியே."

தேய்ந்து இனிக் கைக்கு நிற்காது என்ற சந்தன சோப்புத் துண்டுகளைப் பெரியம்மா பாத்ரூம் மாடத்தில் சேர்த்து வைப்பார். மலைக்குப் புறப்படும் முன் பெரியப்பா அதில் ஒன்றைப் பிளேடால் சீவி டேங்கில் போடுவார். டீசல் பிசுக்கு வெறும் தண்ணீருக்குப் போகாது, இழுவித்தான் விடும். சோப்புத் தண்ணீர் பட்டால் வெட்டிக்கொண்டு போகும். தாரை காற்றில் சிதறி, பக்கவாட்டுப் படுதா இடுக்கு வழியே உள்ளே மணக்கும்.

காபி ஆறிப்போனது. முப்பது வருடமாக மூக்கில் நின்ற வாசம் அந்த டேங்கிலிருந்து வந்திருக்கிறது. அடைப்பைத் தேடித்தான் நான் பொள்ளாச்சிக்குப் போனேன். அந்த நிமிடம் அடைப்பே மறந்துவிட்டது.

அவர் கையில் ஏன் அடைக்கவில்லை என்பதற்குப் பத்தாம் வகுப்பு வேதியியலே போதும். கடின நீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோகும். அதிலிருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத தயிர்போலப் படியும். சிறுவாணித் தண்ணீரில் அவருடைய சோப்பு பெரும்பாலும் நல்லபடியாகக் கரைந்திருக்கிறது. நான் மாதாமாதம் ஜீப்பை வாட்டர் சர்வீசுக்கு விடுகிறேன். அங்கே கழுவுவதும் டேங்கை நிரப்புவதும் போர்வெல் தண்ணீர். வீட்டுக்கு வந்து டேங்கைக் கழற்றினேன். அடியில், மோட்டார் வலைக்குப் பக்கத்தில், பழுப்பேறிய கட்டி ஒன்று ஒட்டியிருந்தது. பெரியப்பா கடைசியாகச் சீவிப் போட்டதில் கரையாமல் தங்கியது. இரண்டாக உடைத்தேன். வெளியே பிசுபிசுத்த தயிர். நடுவில் பட்டாணி அளவுக்குச் சோப்பு, இன்னும் மணத்துடன்.

சுத்தம் செய்யும் வழியும் அந்த வெள்ளை ஆடையிலேயே இருந்தது. வினிகர் அந்தத் தயிரை உடைத்துக் கொழுப்பாக்கும். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் கலந்த வெந்நீர் அந்தக் கொழுப்பைக் கழுவும். ஒன்றை மட்டும் செய்தால் பாதிதான் போகும். ஜெட்டுகளை ஓரிரவு வினிகரில் போட்டுவிட்டு, மறுநாள் வெந்நீரில் அலசினேன். சைக்கிள் பம்பை ஜெட்டின் வாயில் வைத்து, முன்னிருந்து பின்னாகக் காற்றடித்தேன். பின்னாலிருந்து அடித்தால் மிச்சமிருக்கும் துணுக்கு மறுபடி துளையில்தான் போய்ச் சிக்கும். ட்யூபுக்கும் டேங்குக்கும் இதே சிகிச்சை.

இனி அந்த லிக்விடையே இரண்டு சொட்டு விட்டால் போதும். அது உப்புத் தண்ணியிலும் திரியாது. நான் விடவில்லை. போன ஞாயிறு பெரியம்மாவின் மாடத்திலிருந்து ஒரு துண்டு வாங்கி வந்தேன். எப்போதாவது ஜெட்டைக் கழற்றிக் கழுவ வேண்டியிருந்தால், கழுவிக்கொள்கிறேன். டேங்க் மூடியில் சிவப்புப் பெயின்ட்டால் எழுதியிருக்கிறேன்: நல்ல தண்ணி மட்டும்.

அட்டகட்டிப் பக்கம் பனி இறங்கியபோது ஸ்விட்சை அழுத்தினேன். பக்கத்தில் பெரியப்பா. இரண்டு தாரைகளும் எழும்பின. அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "இடதுபக்கத்து ஜெட்டு கொஞ்சம் கீழ பாக்குது கண்ணு. நிறுத்து, திருப்பி வெக்கறேன்."