மரனெல்லோ கடிதம்: கூரை திறக்கும் ஃபெராரி

மரனெல்லோ, இத்தாலி



ஃபெராரி 488 ஸ்பைடரின் பிறந்த ஊர் மரனெல்லோ. மோடெனா நகருக்குத் தெற்கே 18 கிலோமீட்டர் தள்ளி, சமவெளி முடிந்து அப்பெனைன் மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. என்ஸோ ஃபெராரி 1943இல் தன் பட்டறையை மோடெனாவிலிருந்து இங்கே மாற்றினார். அவர் பெயரைத் தாங்கிய முதல் கார் 1947இல் இங்கிருந்துதான் வெளிவந்தது. ஊரை ஒட்டி ஃபியோரானோ என்னும் சோதனை ஓடுபாதை உள்ளது. 1972இல் அமைந்த அதன் ஒரு சுற்று சுமார் 3 கிலோமீட்டர். ஊர் வழியாகப் போகிற நெடுஞ்சாலையோ தெற்கே திரும்பி மலையேறுகிறது. 18ஆம் நூற்றாண்டில் மோடெனாவையும் டஸ்கனியையும் இணைக்கப் போட்ட பாதை அது. செர்ராமட்சோனி, பவுல்லோ ஊர்களைத் தாண்டி 1,388 மீட்டர் உயரத்திலுள்ள அபெத்தோனே கணவாயை அடைகிறது. அன்றைய இரண்டு அரசுகளின் எல்லையைக் காட்டும் இரண்டு கல் பிரமிடுகள் இன்றும் அங்கே நிற்கின்றன. கூரை திறக்கும் காரின் தரத்தைச் சொல்ல ஓடுபாதையைவிட இந்த மலைச் சாலையே சரியான இடம்.

488 ஸ்பைடர் மணிக்கு 325 கிலோமீட்டர் போகும்; நின்ற இடத்திலிருந்து 100ஐத் தொட 3 நொடி போதும். ஆனால் இத்தாலியில் விரைவுச் சாலையின் பொது வரம்பே 130தான். மலைச் சாலைகளில் 90, ஊருக்குள் 50. 90ஐத் தொட இந்தக் காருக்கு இரண்டாவது கியருக்கு மேல் தேவையில்லை. எனவே உச்ச வேகத்தை வைத்து இதை அளப்பதில் பயனில்லை. 50க்கும் 90க்கும் நடுவில், கூரை திறந்திருக்கும்போது, ஓட்டுகிறவருக்கு என்ன கிடைக்கிறது என்பதே கேள்வி.

கூரையை எடுத்தால் முதலில் கெடுவது உடலின் விறைப்பு. மூடிய காரில் முன் தூண்களையும் பின் தூண்களையும் கூரை இழுத்துப் பிடித்திருக்கும். அதை நீக்கினால், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது உடல் முழுவதும் லேசாக முறுக்கிக்கொள்ளும். உள்ளே இருப்பவருக்கு இது மூன்று இடங்களில் தெரியும்: பின்பக்கம் காட்டும் கண்ணாடி நடுங்கும், ஸ்டீயரிங் வழியே ஒரு அதிர்வு வரும், கதவு ஓரம் கிறீச்சிடும். பழைய திறந்த கார்கள் பலவற்றில் இந்த மூன்றும் உண்டு. 488 ஸ்பைடரின் அலுமினியச் சட்டகம் முறுக்கு விறைப்பில் மூடிய 488 ஜி.டி.பி.க்குச் சமம், முந்தைய 458 ஸ்பைடரைவிட 23 சதவீதம் மேல் என்கிறது நிறுவனம். பவுல்லோவுக்குப் போகும் வழியில் ஒட்டுப் போட்ட தாரில் ஏறி இறங்கும்போது, கண்ணாடியில் தெரியும் சாலை கலங்காமல் நிற்பதைப் பார்த்தால் அந்தப் பேச்சை நம்பலாம்.

இதில் துணிக்கூரை கிடையாது. இரண்டு அலுமினியத் தகடுகள் மடிந்து, இருக்கைகளுக்குப் பின்னால் இன்ஜினுக்கு மேலே படுத்துக்கொள்கின்றன. திறக்க 14 நொடி ஆகும். 45 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிக்கொண்டே திறக்கலாம். நடுவில் இன்ஜின் வைத்த காருக்கு இப்படி மடியும் உலோகக் கூரையை முதலில் கொடுத்தது 2011இன் 458 ஸ்பைடர். துணிக்கூரை அமைப்பைவிட இது 25 கிலோ குறைவு என்பது நிறுவனத்தின் கணக்கு. ஆனாலும் மூடிய காரைவிட ஸ்பைடர் 50 கிலோ கூடுதல். உச்ச வேகத்தில் 5 கிலோமீட்டர் குறைகிறது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. உண்மையான இழப்பு வேறு. ஜி.டி.பி.யில் பின்கண்ணாடி வழியே இன்ஜினைப் பார்க்கலாம். ஸ்பைடரில் கூரை படுக்கும் மூடி அதை மறைத்துவிடுகிறது. ஃபெராரி இன்ஜினைக் கண்ணால் பார்ப்பதும் அந்தக் காரை வைத்திருப்பதன் இன்பத்தில் ஒரு பங்கு.

அந்த இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 458இல் இருந்தது டர்போ இல்லாத 4.5 லிட்டர் வி8. 570 குதிரைசக்தி, 9,000 சுற்று வரை ஏறும். 488க்காக அதை விட்டுவிட்டு, இரட்டை டர்போ கொண்ட 3.9 லிட்டர் வி8க்கு மாறினார்கள். சக்தி 8,000 சுற்றில் 670ஆக உயர்ந்தது. டார்க் 540 நியூட்டன் மீட்டரிலிருந்து 760க்குத் தாவியது, அதுவும் 3,000 சுற்றிலேயே. டர்போவுக்குப் பழைய நோய் ஒன்று உண்டு: மிதித்த பின் ஒரு கணம் ஒன்றும் நடக்காது, பிறகு எல்லாம் ஒரே தள்ளாக வரும். கொண்டை ஊசி வளைவின் நடுவில் அப்படி வந்தால் பின்சக்கரம் வழுக்கும். அதனால் டர்பைனை எடை குறைந்த டைட்டானியம்-அலுமினியக் கலவையில் செய்து, அதன் தண்டைப் பால் பேரிங்கில் உட்கார வைத்தார்கள்.

அதைவிட முக்கியம், டார்க்கை கியருக்கு கியர் அளந்து கொடுக்கும் ஏற்பாடு. முழு 760ம் ஏழாவது கியரில்தான் கிடைக்கும். கீழ் கியர்களில் கணினி அதைக் குறைத்து, சுற்று ஏற ஏற இழுவையும் ஏறும்படி வைக்கிறது. டர்போ இல்லாத இன்ஜினின் குணத்தை இப்படி வேண்டுமென்றே மீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மலையில் மூன்றாவது கியரிலேயே வளைவுக்குள் நுழைந்து, வெளியே வரும்போது மெல்ல மிதித்தால், கால் சொன்ன அளவுக்குத்தான் கார் பாய்கிறது. இந்தக் காரின் மிகப் பெரிய சாதனை இதுவே.

ஒலியில் மட்டும் ஈடுகட்ட முடியவில்லை. சைலன்சருக்குப் போகும் காற்று முதலில் டர்பைனைச் சுற்ற வேண்டியிருப்பதால், ஒலியின் கூர்மை அங்கேயே மழுங்கிவிடுகிறது. 458இன் உச்சக் கூவல் இதில் இல்லை. அடித்தொண்டை உறுமலும், காலை எடுக்கும்போது டர்போ விடும் பெருமூச்சும்தான் இருக்கின்றன. இந்தக் குறையைப் பாதியாவது ஆற்றுவது ஸ்பைடரின் பின்கண்ணாடி. இருக்கைகளுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் அந்தச் சிறிய கண்ணாடியை ஒரு பொத்தானால் மூன்று நிலைகளில் வைக்கலாம். கூரை திறந்திருக்கும்போது நடுவில் நிறுத்தினால், பின்னாலிருந்து சுழன்று வரும் காற்று கழுத்தில் அடிக்காது. சாதாரணக் குரலில் பேசலாம். மழை நாளில் கூரையை மூடிவிட்டுக் கண்ணாடியை மட்டும் முழுக்க இறக்கினால், இன்ஜின் ஒலி நேரே உள்ளே வரும். மூடிய ஜி.டி.பி.யில் இதற்கு வழியே இல்லை.

கார்பன்-செராமிக் பிரேக் குறை சொல்ல இடம் தராது. ஸ்டீயரிங் சட்டென்று திரும்பும். முதல் சில வளைவுகளில் கை தேவைக்கு மேல் திருப்பிவிடும். ஸ்டீயரிங்கில் உள்ள சிவப்புத் திருகு, ஈரச் சாலை முதல் பந்தயப் பாதை வரை காரின் குணத்தை மாற்றுகிறது. சஸ்பென்ஷனை மட்டும் தனியாக இளக்கும் பொத்தானும் உண்டு. மலையேறுகிறவர்கள் அதை மறக்கக் கூடாது. இண்டிகேட்டரையும் தண்டாக இல்லாமல் ஸ்டீயரிங் மேலேயே பொத்தானாக வைத்தது தவறு. ஸ்டீயரிங் பாதி திரும்பியிருக்கும்போது இடது பொத்தான் எங்கே போனது என்று விரல் தேடுகிறது. காரின் அகலம் 1.95 மீட்டர் என்பதால் மலைக் கிராமங்களின் குறுகிய தெருக்களில் எதிரே வண்டி வந்தால் சிரமம்தான். சாமான் வைக்க முன்பக்கம் 230 லிட்டர் இடம். இருவர் இரண்டு நாள் தங்கப் போதும்.

ஜி.டி.பி.யா ஸ்பைடரா என்றால் ஸ்பைடர்தான். 50 கிலோவுக்கு ஈடாக அது தருவது அதிகம். ஒலிதான் எல்லாம் என்பவர்கள் பழைய 458 ஸ்பைடரைத் தேடுவது நல்லது. 2019இல் எஃப்8 ஸ்பைடர் வந்ததோடு 488இன் காலம் முடிந்ததால், இனிக் கிடைப்பது கைமாறிய கார்கள்தான். பார்க்கிறவர்கள் கூரையைப் பலமுறை திறந்து மூடிப் பார்க்க வேண்டும். பிறகு கரடுமுரடான சாலையில் கூரை திறந்தபடி ஓட்டி, பின்பக்கம் காட்டும் கண்ணாடி நடுங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். வாங்கும் எண்ணமே இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. மரனெல்லோ அருங்காட்சியகத்தைச் சுற்றியுள்ள கடைகளில் ஃபெராரிகளை நிமிடக் கணக்கில் வாடகைக்குத் தருகிறார்கள். பக்கத்தில் அவர்கள் ஆள் ஒருவர் உட்கார்ந்து வருவார். ஊரைச் சுற்றி வருவதில் அந்தப் பணத்தைச் செலவழிக்காமல், மலைப்பக்கம் ஏறிப் போய்வரும் வழியைக் கேட்டு வாங்குங்கள்.