வன்னிபம் வீழ்ந்த துறை

பூபால! தனியுண்ணாப் பூபால! கொட்டியாரக் குடாவின் அலை இன்றும் கரை தொடுகிறது; சுவாமிமலை இன்றும் கடலுக்கு மேலே நிமிர்ந்து நிற்கிறது. உன் வாயில் நின்ற இடத்தைக் காட்டத்தான் ஒரு கல்லும் இல்லை.

வாள் கொண்டு நாடு பிடித்தவன் அல்லன் நீ. கோணேசர் கோயில் கண்ட குளக்கோட்டன் தானத்தாரையும் வரிப்பத்தாரையும் குடியிருத்திப் பூவெடுப்பார், மாலை தொடுப்பார், விளக்கிடுவார் என்று தொழும்பு வகுத்தான். வகுத்தபின் அவன் நெஞ்சில் ஓர் அச்சம் எழுந்தது: நாளை இவர்களுக்குள் பிணக்கு வந்தால் நடுநின்று தீர்ப்பவர் யார்? அதற்காகவே மதுரையிலிருந்து உன்னை அழைத்துவந்து திருகோணமலைக்கு வன்னிபம் எனும் தலைவன் ஆக்கினான் என்கிறது கோணேசர் கல்வெட்டு. வென்றவர்களைப் பாட எத்தனையோ கல் உண்டு. வழக்குத் தீர்க்க வந்த உன்னை ஏட்டில் வாழ்ந்த அந்த நூலன்றோ காத்துவைத்தது!

குளக்கோட்டனின் காலம் எது? சக ஆண்டு 1145இல், அதாவது 1223இல், சோடகங்கன் இத்தீவுக்கு வந்த செய்தியைச் சொல்லும் சாசனத் துண்டு திருகோணமலைக் கோட்டைக்குள் கிடைத்திருக்கிறது. அவனே குளக்கோட்டன் என்பார் வரலாற்றாசிரியருள் உண்டு. அவனுக்கும் முன்னே, சோழர் நாளில், கந்தளாயில் இராசராசச் சதுர்வேதிமங்கலத்துப் பெருங்குறிப் பெருமக்கள் எனும் ஊரவையார் இருந்தனர். கோணமலை இறைவனுக்கு 250 வேலி நிலம் விட்டதை நிலாவெளிக் கல் கூறும். கூடிப் பேசி முறை செய்த மண் இது. பூபால, அந்த மரபின் பிள்ளை என்றே உன்னைக் கொள்கிறேன். அதனாலேயே என் துயர் பெரிது.

பனி மூடும் உருசிய மண்ணில் நோவ்கொரோத் நகரத்தாரும் அவை கூடித் தம் நகரத் தலைவனைத் தேர்ந்தார்கள். 1478இல் மொஸ்கோவின் மூன்றாம் இவான் அப்பதவியை அழித்து, அவைக்கு ஊரை அழைத்த பெருமணியையும் கழற்றிக்கொண்டு போனான். மணி போனதற்கே அவ்வூர் அழுதிருக்கும். எங்களுக்கோ மலையின் முடியே போயிற்று! 1620களில் பறங்கித் தளபதி கொன்சுதந்தீனு த சா கோயிலை இடித்தான். இடித்த கல்லாலேயே கோட்டைச் சுவர் எழுப்பினான். உன் ஆணைக்கு வேர் படையில் இருந்ததில்லை, அரண்மனையில் இருந்ததில்லை. அந்தக் கோயில் முற்றத்தில் இருந்தது. முற்றம் போனபின் எங்கே அமர்ந்து வழக்குக் கேட்பாய்? யார் வந்து உன் சொல்லுக்குத் தலை வணங்குவார்?

1639இல் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கொட்டியாரத்திலும் கட்டுக்குளப்பற்றிலும் தம்பலகாமத்திலும் வன்னிபம் என்ற பெயர் நெடுநாள் தங்கியது. 1786இல் இப்பற்றுகளைச் சுற்றிவந்த ஒல்லாந்த அதிகாரி வான் சென்டன் நாட்குறிப்பு எழுதிவைத்தான். ஐயகோ, பெயர் தங்கினும் ஊருக்கு நடுவனாய் வந்தவனின் பதவி, கோட்டைக்காரன் ஏவலுக்குக் காத்துநிற்கும் தலைமையாய் ஒடுங்கிற்று. 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். அதன்பின் சொல்ல என்ன இருக்கிறது?

பாரி மாய்ந்தபோது பறம்பைத் திரும்பிப் பார்த்து அழக் கபிலன் இருந்தான்; நிலவைக் கண்டு நெஞ்சுருகப் பாரியின் மகளிர் இருந்தனர். உனக்கு அழுதவர் எவர்? உன் வழியில் கடைசியாய் வழக்குக் கேட்டவன் எந்தக் காலையில் எழுந்து, தன்னிடம் எவரும் வரவில்லை என்று உணர்ந்தான்? அந்த நாளைப் பாட ஒரு புலவன் வாய்க்கவில்லையே!

1950இல் நகரசபையார் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள் இருந்த செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1963இல் கோயில் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது. இறைவன் திரும்பி வந்தான், பூபால, நீ வரவில்லை. இன்றும் படைமுகாமாய் இருக்கும் அக்கோட்டையின் வாயிலைக் கடந்தே அடியார் மலையேறுகின்றனர். காணி வழக்கு இருக்கிறது. எல்லை வழக்கு இருக்கிறது. குடிக்கும் குடிக்கும் இடையே பிணக்கும் இருக்கிறது. இருபாலாரையும் ஒருங்கே இருத்திக் கேட்கும் நீ இல்லாத இந்தத் துறையில், எவர் வாயிலில் நாங்கள் முறையிடுவோம்?